டைக்ஸ்ட்ராவும் எங்கள் ஊர்ப் பதிவேடுகளும்

1957ஆம் வருஷம் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கலியாணம். பதிவு செய்யும் இடத்தில் மாப்பிள்ளையிடம் தொழில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "புரோகிராமர்" என்றார் அவர். அப்படி ஒரு தொழிலே கிடையாது, எழுத முடியாது என்று நகராட்சியில் மறுத்துவிட்டார்கள். கடைசியில் "கோட்பாட்டு இயற்பியலாளர்" என்று எழுதினார்கள். அவர் கல்லூரியில் படித்தது அதுதான். மாப்பிள்ளையின் பெயர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. பதினைந்து வருஷம் கழித்து, 1972இல், கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருதை வாங்கிக்கொண்டு பேசிய உரையில் இந்தக் கதையை அவரே சொன்னார்.

கதையைக் கேட்பவர்கள் அந்த நகராட்சிக் குமாஸ்தாவைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். எனக்கு என்னவோ மனசு அவர் பக்கம்தான் போகிறது. முப்பத்தாறு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் பதிவேடுகளோடுதான் கழிந்தது. தொழில் என்கிற பத்தியில் புதிதாக ஒரு வார்த்தையை எழுதுவது லேசான காரியம் இல்லை. எழுதினால் மேலே இருப்பவர் கூப்பிட்டு, இது எந்த உத்தரவில் இருக்கிறது என்று கேட்பார். அந்த மனிதர் தன் வேலையைச் செய்தார், அவ்வளவுதான்.

இதில் நமக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. ஹாலந்தில் பிறப்பு, இறப்பு, கலியாணம் ஆகியவற்றை அரசாங்கமே பதிவு செய்யும் வழக்கம், பெரும்பாலான இடங்களில் நெப்போலியன் ஆட்சியின்போது, 1811இல், பிரெஞ்சுக்காரர்கள் கொண்டு வந்தது. புதுச்சேரியில் நாம் "எத்தா சிவில்" என்று சொல்கிறோமே, அதற்கு அது ஒன்று விட்ட அண்ணன் முறை. டைக்ஸ்ட்ராவின் தொழிலை எழுத மறுத்த புத்தகமும், நம்மில் பல பேருடைய பாட்டன் பாட்டிகளின் பெயர் இருக்கும் புத்தகமும் ஒரே குடும்பம்.

இந்த மனிதர் எனக்கு அறிமுகமானது என் தம்பியின் பேரனால். பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம். பரீட்சைக்குத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். "டைக்ஸ்ட்ரா, டைக்ஸ்ட்ரா" என்று காதில் விழுந்தது. பூச்சி மருந்தாடா என்று கேட்டேன். அவனுக்குச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. அப்புறம் சொன்னான். சொல்லச் சொல்ல எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. அவன் பரீட்சை முடிந்து எல்லாவற்றையும் மறந்துவிட்டான். நான் ஆறு மாசமாக விடவில்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சில் "ஓர்தினாத்தர்" என்று பெயர். 1955இல் ஐபிஎம் கம்பெனியின் பிரான்ஸ் கிளை ஒரு நல்ல சொல் வேண்டும் என்று கேட்க, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. உலகத்தை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிப்பதற்கு அகராதியில் அந்தச் சொல் ஏற்கெனவே இருந்ததாம். ஆங்கிலேயனுக்கு அது கணக்குப் போடும் இயந்திரம், பிரெஞ்சுக்காரனுக்கு ஒழுங்கு செய்யும் இயந்திரம். ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும், யார் அதைத் திரும்பக் கொண்டு வருவது என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்த விஷயம். அதனால் இந்தச் சொல் கொஞ்சம் நினைவில் இருக்கட்டும்.

முதலில் பையன்கள் பரீட்சைக்குப் படிக்கும் சங்கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1956இல் டைக்ஸ்ட்ரா ஆம்ஸ்டர்டாமில் கணித ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே அர்மாக் என்று ஒரு புதுக் கம்ப்யூட்டர் கட்டி முடித்திருந்தார்கள். அதன் திறமையைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி காட்ட வேண்டும். ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குப் போக எது குறுக்கு வழி என்கிற மாதிரி கேள்விகளை அதனிடம் கேட்கலாம் என்று யோசித்தார். ஒரு நாள் காலை, கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணோடு கடைகளுக்குப் போய்விட்டு, களைத்துப்போய்க் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது வழி தோன்றிவிட்டது. இருபது நிமிஷம். காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. ஆரம்ப ஊரிலிருந்து கிட்டத்தில் இருக்கும் ஊரை முதலில் உறுதி செய்துகொள்வது, அதிலிருந்து அடுத்த ஊர்களின் தூரத்தைத் திருத்திக்கொள்வது, மீதி இருப்பதில் எது கிட்டமோ அதை அடுத்து உறுதி செய்வது. இப்படியே போனால் போக வேண்டிய ஊர் வந்துவிடும். 64 ஊர்கள் கொண்ட ஹாலந்து வரைபடத்தில் செய்து காட்டினார்கள். 1959இல் மூன்று பக்கத்தில் அச்சானது. இன்டர்நெட்டில் நாம் அனுப்பும் கடிதம் எந்த வழியாகப் போவது என்று நடுவில் இருக்கும் பெட்டிகள் முடிவு செய்வதில் இந்த முறை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அது அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு.

1962இல் அவர் ஐந்தோவன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அப்போதிருந்து அவர் மனசைக் குடைந்தது, ஒரே நேரத்தில் பல பேர் வேலை செய்யும்போது வரும் குழப்பம். பல பேர் என்றால் இங்கே இயந்திரங்கள், அல்லது ஒரே இயந்திரத்துக்குள் ஓடும் பல வேலைகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சாமான் இருக்கிறது. ஒரு சமயத்தில் ஒருவர்தான் அதைத் தொட வேண்டும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் தொட்டால் கணக்கு கெட்டுவிடும். ஒரே பேரேட்டில் இரண்டு குமாஸ்தா இரண்டு பக்கத்திலிருந்து எழுதினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1965இல் ஒரே பக்கக் கட்டுரையில், எத்தனை பேர் இருந்தாலும் இது நேராமல் இருக்க ஒரு வழியை எழுதினார். இதற்கு அவர் செய்த இன்னொரு கருவிக்கு வைத்த பெயர் செமஃபோர். நம் ஊர் ரயில்வேயில் கைகாட்டி என்பார்களே, அதுதான். கைகாட்டி இறங்கினால் ரயில் போகலாம், இல்லாவிட்டால் நிற்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு அறைக்குள் நடப்பது. எல்லாரும் பார்க்கும்படி சுவரில் ஒரு கைகாட்டி வைத்துவிடலாம். ஆனால் குமாஸ்தாக்கள் ஊர் ஊராகப் பிரிந்து உட்கார்ந்திருந்தால்? முழு நிலைமையும் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருப்பவன் என்ன சொல்கிறானோ அதுதான் தெரியும். பையன் பாஷையில் அதற்கு டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் என்று பெயர். பரவிக் கிடக்கும் அமைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு பாங்கில் பணம் எடுப்பதும், ரயில் டிக்கெட் பதிவதும், இந்தப் பக்கத்தை நீங்கள் திறப்பதும் இப்படிப் பரவிக் கிடக்கும் இயந்திரங்களின் தயவில்தான்.

எத்தா சிவிலும் அந்தக் காலத்துப் பரவல் அமைப்புதான். பிரெஞ்சுச் சட்டப்படி பிறப்புப் புத்தகம் ஒன்று இல்லை, இரண்டு. ஒரே சமயத்தில் இரண்டிலும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வருஷம் முடிந்ததும் ஒன்று மேரியில் இருக்கும், மற்றது கோர்ட்டின் கிரெஃப் அலுவலகத்துக்குப் போகும். ஒன்று எரிந்தாலும் கரையான் அரித்தாலும் மற்றது இருக்கும் என்பது கணக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதிலேயே ஒரு தொல்லையும் பிறக்கிறது. பின்னால் கலியாணம், விவாகரத்து, பெயர்த் திருத்தம் என்று எது வந்தாலும் ஓரத்தில் குறிப்பு எழுத வேண்டும். இரண்டு புத்தகத்திலும், இரண்டு இடத்தில், இரண்டு கையால். ஒன்றில் எழுதி மற்றதில் விட்டுப்போனால், எது சரி என்று புத்தகங்கள் தாமாகச் சொல்லாது.

இப்போது 1974க்கு வருகிறேன். அந்த வருஷம் டைக்ஸ்ட்ரா இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்குள் அவர் பல்கலைக்கழகத்தில் முழு நேர வேலையைக் குறைத்துக்கொண்டு, நியூனென் என்கிற சின்ன ஊரில் தன் வீட்டில் இருந்தபடியே பர்ரோஸ் கம்பெனிக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கேள்வி இதுதான். பரவிக் கிடக்கும் அமைப்பு ஏதோ காரணத்தால் தாறுமாறாகிவிட்டது. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். மின்சாரம் போனது, யாரோ தப்பாக எழுதினார்கள், ஆரம்பமே கோணல். வெளியிலிருந்து யாரும் வந்து சரி செய்யப் போவதில்லை. மேலதிகாரி இல்லை, ஆடிட்டர் இல்லை. ஒவ்வொருவரும் பக்கத்து ஆளை மட்டும் பார்த்து, தனக்குக் கொடுத்த சின்ன விதியை மட்டும் பின்பற்றி, மொத்தமும் தானாக ஒழுங்குக்குத் திரும்ப முடியுமா?

முடியும் என்று காட்டினார். எப்படி என்பதை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்து சிலேட்டு வைத்து நானும் பையனும் செய்து பார்த்தோம். நீங்களும் செய்யலாம், காகிதமும் பென்சிலும் போதும்.

வட்ட மேசையைச் சுற்றி ஐந்து குமாஸ்தாக்கள். அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சிலேட்டு. அதில் 0 முதல் 4 வரை ஏதாவது ஒரு எண். ஆ என்பவர் அ-வின் சிலேட்டைப் பார்ப்பார், இ என்பவர் ஆ-வைப் பார்ப்பார், இப்படியே போய், அ என்பவர் உ-வைப் பார்ப்பார். ஒரே ஒரு கோப்பு இருக்கிறது. அது யாரிடம் என்பதைச் சிலேட்டு எண்களை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆ முதல் உ வரை நாலு பேருக்கும் ஒரே விதி: நான் பார்க்கும் சிலேட்டில் இருக்கும் எண் என் எண்ணிலிருந்து வேறாக இருந்தால், கோப்பு என்னிடம். வேலை முடிந்ததும் அந்த எண்ணை அப்படியே என் சிலேட்டில் எழுதிக்கொள்வேன். கோப்பு போய்விடும்.

அ மட்டும் தனி. அவருக்கு விதி தலைகீழ். தான் பார்க்கும் எண்ணும் தன் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் கோப்பு அவரிடம். வேலை முடிந்ததும் தன் எண்ணில் ஒன்றைக் கூட்டிக்கொள்வார். 4க்கு அப்புறம் 0.

எல்லா சிலேட்டிலும் 2 இருக்கிறது என்று வையுங்கள். அ-விடம் மட்டும்தான் கோப்பு. அவர் 3 ஆக்குகிறார். இப்போது ஆ-வுக்கு வேறுபாடு தெரிகிறது. கோப்பு அவரிடம். அவர் 3 எழுதினால் இ-க்குப் போகிறது. இப்படி வட்டமாகச் சுற்றி அ-விடம் திரும்புகிறது. எந்த நேரமும் ஒருவரிடம்தான். அழகு.

இப்போது குழப்பிவிடுவோம். அ 2, ஆ 4, இ 0, ஈ 4, உ 1. யாரிடம் கோப்பு? ஆ, இ, ஈ, உ நாலு பேரும் தன்னிடம் என்கிறார்கள். ஒரே கோப்புக்கு நாலு பேர் உரிமை கொண்டாடும் அலுவலகம். நாம் பார்க்காததா?

யார் முதலில் நகர்வது என்பதும் நம் கையில் இல்லை. அதை ஒரு பூதம் தீர்மானிக்கிறது என்றே டைக்ஸ்ட்ரா எழுதுகிறார். ஆங்கிலத்தில் அவர் போட்ட சொல்லும் பூதம் என்கிற அர்த்தம்தான். பூதம் தன் இஷ்டத்துக்கு யாரையாவது தொடும், நாம் நல்ல வரிசையை எதிர்பார்க்க முடியாது. சரி, பூதம் உ-வைத் தொட்டது, அவர் 4 எழுதினார். பிறகு ஈ 0 எழுதினார். பிறகு ஆ 2, இ 2. பிறகு உ 0. பிறகு ஈ 2. இப்போது சிலேட்டுகள்: 2, 2, 2, 2, 0. உ ஒருவரிடம் மட்டும்தான் கோப்பு. ஆறு நகர்வில் சண்டை தீர்ந்தது. இனிமேல் எத்தனை சுற்று ஓடினாலும் ஒருவரிடம்தான் இருக்கும்.

இது தற்செயலா என்று பையனிடம் கேட்டேன். எண்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். பூதமாக என் மனைவியை உட்கார வைத்தோம். அவள் எங்களைத் தோற்கடிக்கவே முயற்சி செய்தாள். ஒவ்வொரு தடவையும் ஒழுங்குக்கு வந்துவிட்டது. சில தடவை நேரமானது, அவ்வளவுதான்.

காரணம் யோசித்தால் புரிந்துவிடுகிறது. ஆ முதல் உ வரை நாலு பேரும் காப்பி மட்டும்தான் அடிக்கிறார்கள். புது எண்ணை உண்டாக்குவது அ மட்டும். நாலு சிலேட்டில் அதிகபட்சம் நாலு விதமான எண்தான் இருக்க முடியும். இருப்பதோ ஐந்து எண். ஆகவே அந்த நாலு பேரிடமும் இல்லாத எண் ஒன்று கட்டாயம் உண்டு. அ ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போய் ஒரு நாள் அந்த எண்ணுக்கு வந்து சேர்வார். அவர் நடுவில் நின்றுபோக மாட்டாரா என்றால், மாட்டார். அவர் நகராமல் இருந்தால், மற்றவர்கள் காப்பி அடித்து அடித்துக் கடைசியில் எல்லாரும் அவர் எண்ணுக்கே வந்துவிடுவார்கள், அப்போது அவர் நகர்ந்தே ஆக வேண்டும். புது எண் வந்த பிறகு, அது ஆ வழியாக, இ வழியாக, ஈ வழியாக, கடைசியில் உ-விடம் வந்தால்தான் அ அடுத்த அடி வைப்பார். அது உ-விடம் வந்துவிட்டது என்றால், நடுவில் இருக்கும் அத்தனை பேரும் பழைய குப்பையை அழித்து அதே எண்ணை எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம். குழப்பம் துடைக்கப்பட்டுவிட்டது. யாரும் துடைக்கவில்லை, யாருக்கும் குழப்பம் இருந்ததே தெரியாது.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஒழுங்கு திரும்பிவிட்டது என்பதுகூட அந்த ஐந்து பேரில் எவருக்கும் தெரியாது. அ-வும் தான் தனி ஆள் என்பதால் அதிகாரி ஆகிவிடவில்லை. அவரும் ஒரே ஒரு சிலேட்டைத்தான் பார்க்கிறார். ஆனால் அவர் மட்டும் வேறு விதியில் நடக்க வேண்டியிருக்கிறது. ஐந்து பேரும் அச்சு அசலாக ஒரே விதியில் நடந்தால், எல்லா அளவு வட்டத்துக்கும் பொருந்தும்படி இதைச் செய்ய முடியாது என்பதும் டைக்ஸ்ட்ராவுக்குத் தெரிந்திருந்தது. எல்லாரும் காப்பி அடிக்கும் அலுவலகத்தில் ஒருத்தனாவது புதிதாக ஒன்று எழுத வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அது அவருடைய குறை இல்லை. இதைப் படித்துவிட்டு, ஆகா, எல்லாப் பதிவேட்டுக் குழப்பத்துக்கும் மருந்து கிடைத்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எண்பதுகளில் ஒரு அம்மா என்னிடம் வருவார். கிராமம். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து இந்தோசீனா வரை போய் வந்தவர். அவர் இறந்த பிறகு விதவைப் பென்ஷனுக்கு எழுதிப் போட்டார்கள். திரும்பி வந்தது. காரணம், இந்த அம்மாவின் பெயர் ஒரு புத்தகத்தில் கடைசியில் "அம்மாள்" என்று சேர்ந்து இருக்கிறது, மற்றப் பிரதியில் "அம்மாள்" இல்லை. எப்போதோ, யாரோ, நகல் எடுக்கும்போது விட்ட ஒரு சொல். கலியாணப் பத்திரத்தை எழுதியவர் அம்மாள் இல்லாத பிரதியைப் பார்த்து எழுதினார். பட்டாளத்துக் காகிதம் கலியாணப் பத்திரத்தைப் பார்த்து எழுதப்பட்டது. பிள்ளைகளின் பிறப்பு ஒன்றில் அம்மாள் உண்டு, இன்னொன்றில் இல்லை.

எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதம் இருந்தது, அந்தக் காகிதத்தின்படி அவர்கள் சொன்னது சரி. ஒவ்வொருவரும் தனக்குப் பக்கத்தில் இருந்த காகிதத்தைப் பார்த்தார்கள், வேறுபாடு கண்டார்கள், அதைச் சரி செய்துகொண்டு வா என்று அந்த அம்மாவை அனுப்பினார்கள். வட்ட மேசையில் கோப்பு சுற்றியது. இங்கே அந்த அம்மாதான் சுற்றினார். வெயிலில், பஸ்ஸில், மஞ்சள் பையோடு. நாலு வருஷம்.

மனுக்களைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தது நான். முதலில் எழுதிய புத்தகத்தில் அம்மாள் இருக்கிறது, தகப்பன் நேரில் வந்து சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆகவே அதுதான் மூலம், மற்றவற்றை அதன்படி திருத்த வேண்டும் என்று வாதாடி எழுதினேன். கடைசியில் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. பெரும்பாலான பத்திரங்களில் அம்மாள் இல்லை, ஆகவே இல்லாததே பெயர், எல்லாப் பிரதிகளும் அதன்படி திருத்தப்படட்டும் என்று. ஓரக் குறிப்புகள் எழுதப்பட்டன, இரண்டு புத்தகத்திலும். எல்லாம் ஒத்துப்போய்விட்டன. பென்ஷனும் வந்தது, நிலுவையோடு.

நான் தீர்ப்பைப் படித்துத் தமிழில் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அது அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர், அப்படியே வைத்தார்களாம். "அப்போ அம்மாள் போயிடிச்சா, மிசியே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "போவட்டும், சோறு வந்திச்சே" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

டைக்ஸ்ட்ராவின் வட்டமும் இப்படித்தான். 2, 4, 0, 4, 1 என்று இருந்தது 2, 2, 2, 2, 0 ஆனது. அந்த 4 யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று அது கேட்கவில்லை. எல்லாரும் ஒத்துப்போக வேண்டும், கோப்பு ஒருவரிடம்தான் இருக்க வேண்டும், அதற்கு மட்டும்தான் அது உறுதி கொடுக்கிறது. அழிந்த எண்ணை மீட்டுக் கொடுப்பதாக அவர் எங்கும் சொல்லவில்லை. ஒத்துப்போவதற்கு ஒரு வேலை, உண்மையைக் கண்டுபிடிப்பதற்கு வேறு வேலை. முன்னதை இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பின்னதற்கு அந்தக் காலத்தில் ஒரு கிழட்டுத் தலையாரியோ, மருத்துவச்சியோ நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. தம்பி பேரனிடம் இதைச் சொன்னேன். அதற்கும் வேறு ஆராய்ச்சிகள் இருக்கின்றன தாத்தா, பல பிரதிகளில் எது சரி என்று ஓட்டுப் போட்டுப் பார்ப்பார்கள் என்றான். ஓட்டுப் போட்டுத்தான்டா அந்த அம்மாவின் பெயரை எடுத்தார்கள் என்றேன்.

அந்த இரண்டு பக்கக் கட்டுரைக்கு என்ன நடந்தது என்று சொல்லாவிட்டால் கதை முடியாது. ஒன்றும் நடக்கவில்லை. கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் அதை அநேகமாக யாரும் கவனிக்கவில்லை. 1983இல் லெஸ்லி லாம்போர்ட் என்ற இன்னொரு பெரிய ஆராய்ச்சியாளர், இந்தத் துறைக்காரர்களின் மாநாட்டில் பேச அழைக்கப்பட்டபோது, டைக்ஸ்ட்ரா எழுதியதிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்று எடுத்துச் சொன்னார். அப்புறம்தான் ஆளாளுக்குத் தேடிப் படித்தார்கள். இன்றைக்கு அதுவே தனி ஆராய்ச்சிக் கிளையாக வளர்ந்துவிட்டது. பிரெஞ்சில் "ஓத்தோ ஸ்தபிலிசாசியோன்" என்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. 1974இல் எழுதியபோது அவர் நிரூபணத்தைக் கொடுக்கவில்லை. படிப்பவர்களே செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். நிரூபணம் இல்லாத புரோகிராமை நம்பக் கூடாது என்று உலகத்துக்கெல்லாம் பாடம் நடத்தியவர் இவர். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1986இல், தாமதமாக வரும் நிரூபணம் என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்டு அதை அச்சில் போட்டார். அதற்குள் அவர் அமெரிக்காவுக்குப் போய், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், ஆஸ்டின் நகரத்தில் பேராசிரியராகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆள் கொஞ்சம் கடுமையானவர், பிடிக்காததை முகத்துக்கு நேராகச் சொல்பவர் என்று அவரைப் பற்றி எழுதும் எல்லாருமே எழுதுகிறார்கள். அவர் கட்டுரைகளைப் படித்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் பன்னிரண்டு வருஷத்துப் பாக்கியைத் தலைப்பிலேயே எழுதித் தீர்த்த மனிதரிடம் எனக்கு மரியாதை கூடியது.

கம்ப்யூட்டர் பேராசிரியர் என்றாலும் அவர் எழுதியதெல்லாம் பெரும்பாலும் கையால், மை ஊற்றும் பேனாவில். ஒவ்வொரு குறிப்புக்கும் தன் பெயரின் முதல் எழுத்துகளும் ஒரு வரிசை எண்ணும் போடுவார். நகல் எடுத்துச் சில பேருக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் நகல் எடுத்து இன்னும் சில பேருக்கு. வாழ்நாளில் 1300க்கு மேல் ஆனது. எந்தச் செக்ஷனிலும் இப்படி ஒழுங்காக வரிசை எண் போட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்கள் அலுவலகத்தில் அவரைச் சேர்த்திருக்க மாட்டார்கள். பக்க எண்ணை அவர் 0இலிருந்து ஆரம்பிப்பார். அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று அதற்கும் தனியாக ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்.

கடைசிக் குறிப்பின் எண் 1318, தேதி 2002 ஏப்ரல் 14. அந்த வருஷம்தான், இருபத்தெட்டு வருஷம் கழித்து, 1974 கட்டுரைக்கு அந்த மாநாட்டுக்காரர்கள் விருது கொடுத்தார்கள். ஆகஸ்ட் 6ஆம் தேதி நியூனென் ஊரில் காலமானார். மறு வருஷத்திலிருந்து அந்த விருதுக்கே டைக்ஸ்ட்ரா பெயரை வைத்துவிட்டார்கள்.

குறிப்புகள் எல்லாவற்றையும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறது. கணக்கு எனக்குப் பாதிதான் புரிகிறது. ஆனால் கையெழுத்து அப்படி. மூக்குக் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது.